பதினொரு சதவீதம்

நயேலி ஓல்வேரா இப்போது கோழி ஆலையில் எடை போடும் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் வேறு யாரும் பார்த்ததில்லை. ஆலைக்குப் பின்னால் இருந்த டிரெய்லர் வரிசையில், தகரப் பெட்டி போன்ற எங்கள் வீடுகள் எதிரெதிரே இருந்தன. காலை ஐந்தரைக்கே அவள் சமையலறையில் விளக்கு எரியும், கணக்குப் புத்தகம் விரிந்திருக்கும். ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்தில் ஏறும்போது அவள் வேறு ஆள்.

"படிச்சியாடி?" என்று யாராவது கேட்டால், "நானா? புக்கு எங்க கெடக்குன்னே தெரியல" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். கேண்டீனில், வகுப்பே சுற்றி வந்த பிரின்லியின் மேசையில் அவளுக்கு இடம் கிடைத்தது அந்தச் சிரிப்பால்தான். ஒருவர் முயற்சி செய்வது அங்கே வெளியே தெரியக்கூடாது. எனக்கு மறைக்கத் தெரியாது. நான் தனியாகச் சாப்பிட்டேன்.

பதினொன்றாம் வகுப்பில், அக்டோபரில் ஒரு தேர்வு. ஒரே ஒரு முறைதான். அதில் போதிய மதிப்பெண் எடுத்தால் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இலவசம். மாதிரித் தேர்வில் அந்த மதிப்பெண்ணைத் தாண்டியது நயேலி மட்டும். அவள் அப்பா செலியோ அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார். அதே ஆலையில் கோழி வெட்டி வெட்டி வலது கை விரல்கள் மடங்காமல் போனவர். "என் பொண்ணு அந்த ஆலைக் கேட்டுக்குள்ள கால் வைக்க மாட்டா" என்று என்னிடமே இரண்டு முறை சொன்னார்.

அந்த வருடம் தேர்வும், பள்ளியின் ஆண்டுத் திருவிழாவான ஹோம்கமிங் வாரமும் சேர்ந்து வந்தன. புதன்கிழமை தேர்வு, வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டம். ஆட்டத்தன்று மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் விழா ராணிக்கான பட்டியலில் நயேலியின் பெயரும் இருந்தது. டெக்சாஸில் எங்கள் பக்கத்துப் பெண்கள் அன்று நெஞ்சில் மம் குத்திக்கொள்வார்கள்: தட்டளவு துணிச் சாமந்தி, முழங்கால்வரை ரிப்பன்கள், நுனிகளில் குட்டி மணிகள். பிரின்லியின் கராஜில் மாலைதோறும் மம் செய்தார்கள்; நயேலியும் போனாள். நயேலியின் சமையலறை விளக்கு ஐந்தரைக்கு எரிவது நின்றது.

திங்கட்கிழமை டாகெட் டீச்சர் வகுப்பில் சொன்னார்: "தேர்வு ஜிம்ல, லேப்டாப்லதான். முழுசா சார்ஜ் பண்ணிட்டு வாங்க. அங்க நாலு பிளக்குதான் இருக்கு. வேணும்னா கையத் தூக்குங்க, எடம் மாத்தி விடறேன்."

புதன்கிழமை பேருந்தில் நயேலி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு. தைத்து முடிக்காத ரிப்பன்கள் அவள் பையில் இருந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் மணிகள் சத்தம் போட்டன.

"சார்ஜ் போட்டியா?" என்றேன்.

"நேத்து கராஜ்ல பாட்டு என் லேப்டாப்லதான் ஓடுச்சு. பாதி இருக்கும். போதும் விடு."

"வீட்ல போட்டிருக்கலாம்ல?"

"நீ ஒருத்தி. எங்கப்பா மாதிரியே பேசற."

பள்ளியின் உள்விளையாட்டு அரங்கமான ஜிம்மில் அவள் பிரின்லி கூட்டத்தோடு நடுவரிசையில் உட்கார்ந்தாள். நான் சுவரோரம், என் காலடியில் இரண்டு பிளக்குகள், ஒன்று காலி. கணக்குப் பகுதி தொடங்கியபோது அவள் திரையின் மூலையில் பேட்டரிக் குறி சிவப்பாகத் தெரிந்தது. பதினொரு சதவீதம் என்று பிறகு சொன்னாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் காலி பிளக்கைப் பார்த்தாள். பிரின்லி அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

நயேலியின் கை மேசையிலிருந்து மேலே எழுந்தது. காதுவரை போனது. முடியை ஒதுக்கிவிட்டு இறங்கியது.

அவளுக்காக நான் கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. தேர்வு விதிக்குப் பயந்தேனா, அந்த மேசையில் எனக்கு இடமில்லாததற்குப் பழி தீர்த்தேனா? கல்லூரிப் பட்டம் வாங்கிய பிறகும் எனக்குத் தெரியவில்லை.

அவள் திரை அணைந்தது. அவள் மூடியைச் சாத்திவிட்டுக் கடைசிவரை அசையாமல் இருந்தாள்.

வெளியே வந்ததும் பிரின்லி கேட்டாள்: "என்னடி ஆச்சு?"

"லேப்டாப் செத்துப்போச்சு. இதெல்லாம் யாருக்கு வேணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நயேலிதான் அதிக நேரம் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை கிரீடம் அவளுக்கே கிடைத்தது. எங்கள் வழக்கப்படி அப்பாதான் மைதானத்துக்குள் கைபிடித்து அழைத்து வர வேண்டும். செலியோ சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். நான் பாண்டு வாத்தியக் குழுவில் புல்லாங்குழலோடு கோட்டோரம் நின்றேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது, கூட்டம் அவள் பெயரைக் கத்திக்கொண்டிருக்க, மடங்காத விரல்களை அவள் முழங்கைக்கடியில் கொடுத்தபடி அவர் குனிந்து கேட்டார்:

"ரிசல்ட் எப்ப கண்ணு?"

"அடுத்த மாசம்ப்பா" என்றாள் நயேலி, கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே. ஒவ்வோர் அடிக்கும் மணிகள் ஒலித்தன.