கமலா ஆரஞ்சு போகிற இடமெல்லாம்

கடலுக்குத் தேறுமா என்று பார்க்கக் கூப்பிட்ட படகில் ஏறியதும் மசுயோ முதலில் செய்வது, படுப்பது. படகின் சொந்தக்காரர் தேநீர் ஊற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழறைக்குள் இறங்கி, கட்டிலில் மல்லாந்து கண்ணை மூடிக்கொள்வாள். "பாய்மர உச்சியிலேர்ந்து தொங்குற கயிறு இருக்குல்ல, அதைப் புடிச்சுக் கரையிலேர்ந்து இழுங்க. படகு நல்லாச் சாயட்டும். வெட்கப்படாதீங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பல் டாக்டரானாலும் கம்பெனி டைரக்டரானாலும் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு இழுத்துத்தான் ஆகவேண்டும். அவள் உருண்டு தரையில் விழுந்தால், எழுந்து இடுப்பைத் தடவியபடி நோட்டில் ஒரு சிவப்புக் கோடு போடுவாள். பெருங்கடலில் நாற்பது நாள் தூங்க வேண்டிய கட்டில், ஓரத்தில் தடுப்புப் பலகை இல்லாமல் இருந்தால் அது கட்டில் இல்லை, சறுக்குமரம்.

அடுத்து ஏப்ரன் பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சு வரும். ஜப்பானின் இஸு கரையில் குளிர்காலத்தில் பறித்தால் ஏப்ரல் வரை வீட்டுக்கு வீடு கூடையில் சுருங்கிக் கிடக்கிற பழம்தான். அதைத் தரையில் விட்டுவிட்டு மறுபடி இழுக்கச் சொல்வாள். பழம் மேசைக் காலில் முட்டும், அடுப்பில் மோதும், படிக்கட்டு முனையில் இடிக்கும். மசுயோ தவழ்ந்தபடி பின்னாலேயே போய், முட்டிய இடத்தில் எல்லாம் சுண்ணக்கட்டியால் குறி போடுவாள்.

"இந்தப் பழம் போற இடமெல்லாம் உங்க மண்டையும் போகும். வழியில புடிச்சுக்க எத்தனை கைப்பிடி இருக்கு, எண்ணுங்க."

பெரும்பாலும் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. கடைசியில் பழத்தை உரிப்பாள். படகு தேறிவிட்டால் பாதிப் பழம் சொந்தக்காரருக்கு. தேறாவிட்டால் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து முழுசையும் தானே தின்றுவிட்டு, தோலை அவருடைய கடல் வரைபடத்தின் மேல் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

வயது அறுபத்திரண்டு. பாய்மரக் கம்பி கட்டுவது, சுக்கான் மாற்றுவது, ஒழுகுவதை அடைப்பது என்று முப்பத்தொரு வருஷமாக இந்தத் துறைமுகத்தில்தான் பிழைப்பு. சொன்ன தேதிக்கு வேலையை முடிக்காமல் விட்டாள் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. அவளிடம் இருக்கிற ஒரே பெருமை அதுதான், அதை வைத்துக்கொண்டு ஊரையே ஆட்டிவைப்பாள். பல் குத்தக் குச்சி வாங்கினால்கூட இரண்டு தடவை குனிந்து நன்றி சொல்கிற ஊர் அது. மசுயோ மட்டும் யாருக்கும் குனிய மாட்டாள். கேட்டால், "நாள் பூரா இஞ்சினுக்கு அடியில குனிஞ்சுதானே கிடக்கிறேன். மேல வந்தும் குனியணுமா?" என்பாள்.

கரையில் நிற்பவன் பார்த்து வாயைப் பிளக்கிற படகு கடலுக்கு ஆகாது என்பது அவள் கட்சி. ஜன்னல் கண்ணாடி சின்னதாக இருக்க வேண்டும், அறை குறுகலாக இருக்க வேண்டும், படகுக்கு அடியில் கனம் நன்றாக இருக்க வேண்டும், சுக்கானுக்கு முன்னால் காவலுக்கு ஒரு கனத்த பலகை நிற்க வேண்டும். மேல்தட்டில் ஆள் உட்காருகிற குழிக்குள் அலை புகுந்தால் சட்டென்று வடிகிற அளவுக்குப் பெரிய ஓட்டை வேண்டும். "உங்க கையால ரிப்பேர் பண்ண முடியாத எதையும் ஏத்தாதீங்க" என்று பெண் வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டு, "புருஷனையும் சேர்த்துத்தான்" என்று முடிப்பாள்.

அவளுடைய புருஷன் ரியோசாகு. தபால் நிலையத்தில் முப்பத்தேழு வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். வளைகுடாவுக்குள் ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்ததுதான் கடல் அனுபவம். ஓய்வு பெற்ற வருஷமே, மசுயோ பத்து நாள் வெளியூர் வேலைக்குப் போயிருந்த சமயமாகப் பார்த்து ஒரு படகை வாங்கி நிறுத்திவிட்டார். ஹவாய்க்குத் தனியாகப் போகப் போகிறாராம். வெள்ளை வெளேரென்று, கல்யாணக் கூடம் மாதிரி அகன்ற படகு. கரையில் நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

வாங்கியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெண்டாட்டி திரும்பி வந்து படகைப் பார்ப்பதற்கு முன்பே தெரு முழுக்கச் சொல்லி, ஏப்ரலில் நல்ல நாளும் குறித்து, வழியனுப்புப் பரிசுகளையும் கை நீட்டி வாங்கிவிட்டார். அந்தத் தெருவில் பரிசை வாங்கியவன் போய்த்தான் ஆகவேண்டும். போன இடத்திலிருந்து பரிசு கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஒன்று வாங்கியும் வந்தாக வேண்டும். நாற்பத்து மூன்று வீடு. பிளம் ஊறுகாய்ச் சாடிகள், அரிசி முறுக்கு டின்கள், கோயில் தாயத்துகள், தெருச் சங்கத் தலைவர் ஹடனாகா கொடுத்த முப்பது கிலோ அரிசி மூட்டை. அத்தனையும் ஏற்றியதில் படகு தண்ணீரில் நாலு விரல் இறங்கியிருந்தது.

மசுயோ ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தாள். மற்றவர்களுக்குச் செய்வதைப் போலவே படுத்தாள், விழுந்தாள், கோடு போட்டாள். ரியோசாகு கரையில் நின்று கயிற்றை இழுத்து மூச்சு வாங்கினார். பழத்தை விட்டபோது அந்த அகன்ற தரையில் அது ஒரு கைப்பிடியையும் சந்திக்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, ஊறுகாய்ச் சாடியில் மோதி நின்றது. பிறகு தண்ணீரில் இறங்கி அடியைத் தடவிப் பார்த்தாள். சுக்கான் காவல் பலகை எதுவுமில்லாமல் ஒற்றைத் தண்டில் தொங்கியது. கையால் ஆட்டினால் அரை விரல் ஆடியது.

நனைந்த துணியோடு மேலே வந்து, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து முழுப் பழத்தையும் தின்றாள்.

"எனக்குமா?" என்றார் ரியோசாகு.

"உனக்குன்னா சுக்கான் கழலாதா? நடுக்கடல்ல கழண்டு விழுந்தா எதை வெச்சுத் திருப்புவ, ஹடனாகாவோட அரிசி மூட்டையையா?"

"தெருவே பரிசு கொடுத்திருக்கு, மசுயோ. இனிமே நான் எப்படி நிக்கிறது? போகத்தான் போறேன்."

"போ. போய்த் தொலை!"

சொல்லிவிட்டாளே தவிர, மசுயோவுக்குப் பயம். அந்த மனுஷர் குளிக்கும் தொட்டியிலேயே வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவர். அவமானத்துக்குப் பயந்து சாகக்கூடத் துணிவார் என்பது முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியும். மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மிசோ சூப்பைக்கூட ஆளுக்கொரு வேளையில் குடித்தார்கள்.

நான்காம் நாள்தான் குறித்த நாள். காலை பத்து மணிக்குத் துறைமுகத்தில் நாற்பத்து மூன்று வீடும் நின்றது. படகிலிருந்து கரைக்கு வண்ண வண்ணக் காகித நாடாக்கள். ஒரு முனை ரியோசாகுவின் கையில், மறுமுனைகள் கரையில் நின்றவர்கள் கையில். படகு நகர நகர நாடா அறுந்து பறக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஹடனாகா பேசி முடித்தார். மூன்று தடவை வாழ்த்துக் கோஷம் போட்டார்கள். படகு நகரவில்லை.

ரியோசாகு கட்டுக்கயிற்றை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார். முகம் வெந்த முள்ளங்கி மாதிரி வெளுத்திருந்தது. கூட்டத்தில் கடைசியில் நின்ற மசுயோ ஏப்ரன் பைக்குள் கைவிட்டுக் கமலா ஆரஞ்சை உரித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாவது தடவை அவர் முடிச்சுப் போட்டபோது நிமிர்ந்து பார்த்தார், அவளை மட்டும்.

"என்ன ரியோசாகு, காத்து நல்லாத்தானே இருக்கு?" என்று கத்தினார் ஹடனாகா.

மசுயோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். சுக்கான் வேலையை இன்னிக்குள்ள முடிச்சுத் தர்றதா நான்தான் ஒத்துக்கிட்டேன். முடிக்கல. அவரு தயாராத்தான் இருக்காரு. வேலையை நான் கோட்டை விட்டுட்டேன். இன்னிக்குப் படகு கிளம்பாது."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. மசுயோவா? வேலை முடிக்கவில்லையா?

"அப்போ எப்பம்மா முடியும்?" என்றார் ஹடனாகா, நம்ப முடியாமல்.

"கைப்பிடி வைக்கணும், கட்டிலுக்குப் பலகை அடிக்கணும், சுக்கானைப் புதுசாச் செய்யணும். அடுத்த ஏப்ரல் ஆகும். ஊறுகாய் கெட்டுப்போகாது."

யாரோ ஒருத்தர் சிரித்தார். "முப்பத்தொரு வருஷம் வாய் கிழியப் பேசினாளே!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. மசுயோவின் காது சிவந்தது. அந்த ஊர் அதுவரை பார்க்காததைச் செய்தாள். கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, முதுகை வளைத்து, தலை முழங்காலுக்கு வருமளவுக்குக் குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள்.

ரியோசாகு படகிலிருந்து தட்டுத் தடுமாறிக் குதித்து, கழுத்தில் சிக்கிய நாடாக்களோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தார். அவர் எதையும் சொல்லிவிடுவதற்கு முன் மசுயோ நிமிராமலே ஒரு கையை நீட்டி அவர் பிடரியைப் பிடித்துக் கீழே அமுக்கினாள்.

இரண்டு தலைகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுடைய மறுகை ஏப்ரன் பைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது அதில் உரித்த கமலா ஆரஞ்சின் பாதி இருந்தது. யாருக்கும் தெரியாமல் அதை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.