சிவப்பு அட்டை கட்டிய கீபோர்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் முத்துச்செல்வி டப்பாவைத் திறக்கவில்லை. காது குடைகிற பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு, கீபோர்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, இடுக்கில் காய்ந்து கிடந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்த வழியாக வந்த மேலாளர் ராஜசேகர் நின்று, “யாரும்மா இந்தக் கூத்தைப் பண்ணது?” என்று கேட்டார்.

“நாந்தான் சார். பூசைக்குப் பொட்டு வச்சேன், கொஞ்சம் கூடிப்போச்சு” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

கதவோரம் தண்ணீர் கேன் மாற்றிக்கொண்டிருந்த கனகத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உண்மையில் பொட்டு வைத்தவள் கனகம்தான். அந்த அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். பிரிண்டர், ஃபேன், பஞ்சிங் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், பூஜைக்காக மேஜையில் விட்டுப் போயிருந்த அந்தக் கீபோர்டைப் பார்த்ததும் உருகிவிட்டாள். எழுத்தெல்லாம் சரஸ்வதி அல்லவா? எழுத்துக்கு ஒரு பொட்டாக, ஒன்று விடாமல் ஈரச் சந்தனத்தை அப்பியிருந்தாள். அது வெளியே தெரிந்திருந்தால் கான்ட்ராக்டில் வந்த அவளுக்கு வேலை போயிருக்கும். முத்துச்செல்வி அதைப்பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசினதில்லை.

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்களை வாங்கி அடுக்கி அனுப்புகிற கிடங்கு அது. மாடியில் கண்ணாடி அடைத்த அலுவலகம். முத்துச்செல்வி தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். எந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கணினியில் ஏற்றுகிற வேலை. கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் எழுத்துப் பலகையும் உண்டு, விரலால் தடவுகிற இடமும் உண்டு. அவள் இரண்டையும் தொடமாட்டாள்.

காலையில் வந்ததும் துணிப்பையைத் திறப்பாள். பழைய துண்டில் சுற்றிய கீபோர்டு வெளியே வரும். குழந்தைக் காலுறை ஒன்றுக்குள்ளிருந்து மவுஸ் வரும். லேப்டாப்பைக் காகிதக் கட்டின்மேல் ஏற்றி வைப்பாள், உற்சவரைப் பீடத்தில் எழுந்தருளப் பண்ணுகிற மாதிரி. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கீழே கீபோர்டில் வைத்து, ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

மவுஸ் ஓடுவதற்கு முதலில் ஒரு காலண்டர் அட்டையைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். அதன் அடியில் முருகன் இருப்பதைக் கண்டு கனகம் பதறிப்போனாள். “இன்னா கண்ணு இது, சாமி மூஞ்ச கவுத்துப் போட்டுத் தேச்சிகினு கீற!” அன்றைக்கே அட்டை மாறியது. முருகன் ஜன்னலோரம் ஏறிக்கொண்டார்.

பக்கத்து மேஜை டில்லிபாபுவுக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கை. “லேப்டாப்னா மடியில வெச்சு அடிக்கறது முத்து. நீ இன்னாடான்னா அதைக் குடும்பத்தோட இட்டாந்து குடி வெச்சிகீற.”

“எனக்கு இப்படித்தாண்ணே பிடிக்கும்” என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

கனகத்திடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் லைன் வேலை. “கால எங்க வைக்கணும்னு தரையில கோடு போட்டிருக்கும்க்கா. கை எம்புட்டு தூரம் நீளணும்னும் அவங்களே சொல்லித் தருவாங்க. நான் எதையும் தப்புன்னு சொல்லல. ஆனா இது மட்டும் நான் வச்ச எடம்.” முதன்முதலாக மாடி வேலை கிடைத்ததும் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு கீபோர்டிலும் தன் பெயரை அடித்துப் பார்த்து, விரலுக்குப் பிடித்ததை எடுத்து வந்தாளாம்.

கனகம் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். திரையில் ஓடுவது ஒன்றும் புரியாது. ஆனால் மத்தியான வேளையில், கண்ணாடிக்கு வெளியே பக்கத்துக் கார் தொழிற்சாலையில் வரிசையாக நிற்கும் புதுக் கார்களின் முதுகெல்லாம் வெயிலில் ஏரித் தண்ணீர் போலத் தளும்பும்போது, அந்தக் கீபோர்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே தரை துடைப்பது அவளுக்கு ஒரு சுகம். வாழையிலையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பாள். பெருமாளே, இந்தப் பிள்ளை கை நோகாமல் இருக்கட்டும் என்று வாய் தானாக முணுமுணுக்கும்.

அப்போதுதான் வேலையிடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற ஆடிட் வந்தது. வேலைக்கு வேண்டியது மட்டும்தான் மேஜையில் இருக்க வேண்டும். வேண்டாததற்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள். காரணம் காட்டாவிட்டால் அந்தப் பொருள் வெளியேற வேண்டும். கீபோர்டிலும் மவுஸ் வாலிலும் சிவப்பு அட்டை தொங்கியது.

ராஜசேகர் கெட்டவர் இல்லை. கூப்பிட்டு வழி சொன்னார்: “மணிக்கட்டு வலின்னு டாக்டர் கிட்ட ஒரு சீட்டு வாங்கினு வா. நான் ஓகே பண்ணிடறேன்.”

“வலி இல்லியே சார். பிடிச்சிருக்கு.”

“பிடிச்சிருக்குன்னு எழுத அந்த அட்டையில எடம் இல்லம்மா.”

படிக்கட்டில் கனகம் அவளை மடக்கினாள். “எங்க ஊரு சிங்கபெருமாள் கோயில்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் கீறாரு. கேட்டா எழுதிக் குடுத்துடுவாரு. அன்னிக்கு எனக்கோசரம் ஒரு பொய் சொன்ன இல்ல? உனக்கோசரம் ஒண்ணு சொல்லேன். நான் நரசிம்மர் கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

முத்துச்செல்வி சிரித்துவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “அது வேறக்கா. அன்னைக்கு ஒங்க வேலை போயிருக்கும். இது எனக்குப் பிடிச்ச சாமான். இதுக்குப் போயி நோவுன்னு பேரு வச்சா, நாளைக்கு எனக்கே அது நோவாத்தான் தெரியும்.”

மறுநாள் அட்டைகளை அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, கீபோர்டைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனாள். அப்புறம் லேப்டாப்பிலேயே குனிந்து வேலை பார்த்தாள். ஒரு பெட்டிக்கணக்கும் தவறவில்லை. முகம் சுளிக்கவில்லை. தூறல் மட்டும் நின்றுபோயிற்று. டில்லிபாபுகூட, “இன்னா முத்து, ஆபீஸே எழவு வூடு மாதிரி கீது” என்று சொல்லிப் பார்த்தான். கனகம் துடைக்கிற வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு, போக இடமில்லாதவள் போல நின்றாள்.

சில வாரத்தில் தண்டலம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் முத்துச்செல்விக்கு வேலை கிடைத்தது. சம்பளம் இதைவிடக் குறைச்சல். நேர்காணலின் கடைசியில் நீ ஏதாவது கேட்கணுமா என்றார்களாம். சொந்தக் கீபோர்டும் மவுஸும் கொண்டு வரலாமா என்று கேட்டாளாம். ஏன் என்று கேட்டதற்குப் பிடிக்கும் என்றாளாம். சரி, கொண்டு வா என்றார்களாம். கனகத்திடம் இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கர்ப்பகிருகத்தில் திரை விலகினதும் முன்வரிசையில் நிற்பவர்களுக்கு வருகிற முகம்.

கடைசி நாள் சாயங்காலம் ஒரகடம் கூட்டுரோட்டில் இருவரும் நின்றார்கள். கனகம் சிங்கபெருமாள் கோயில் ஷேர் ஆட்டோவுக்கு, அவள் எதிர்ப்பக்கத்து பஸ்ஸுக்கு. “எங்க போனாலும் அந்த நரசிம்மர் உன்கூடவே வருவாரு கண்ணு” என்று கனகம் அவள் கன்னத்தை வழித்தாள். ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டு முழுதும் காலியாகத்தான் இருந்தது. ஓரத்தில் கால் வைத்த கனகத்தைப் பார்த்து, “இன்னாம்மா, நடுவுல தள்ளிக் குந்து, ஆள் ஏறணும்ல” என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார். கனகம் தினமும் செய்கிற மாதிரி, பையை மடியில் இடுக்கிக்கொண்டு நடுவே நகரப் போனாள்.

முத்துச்செல்வி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

“யக்கா, ஒங்களுக்கு எந்த ஓரம் பிடிக்கும்? மொதல்ல அதச் சொல்லுங்க.”