தடுக்க ஆள் தேடியவர்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு வெள்ளைகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் தெரியும். எதிரே மனைவி முடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்து நின்றால் தெரியாது.

பெயிண்ட் கம்பெனியில் நிறம் பார்ப்பது அவர் வேலை. ஜன்னல் இல்லாத அறை, சாம்பல் நிறச் சுவர்கள், நடுவில் ஒரு விளக்குப் பெட்டி. புதிதாகக் கலக்கிய பெயிண்டை ஒரு தகட்டில் பூசிக் காயவைத்து, மாதிரித் தகட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிக்குள் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவர் தலையாட்டினால் லாரி கிளம்பும். "கொஞ்சம் மஞ்சள் அடிக்குது" என்றால் டிரம் டிரம்மாகத் திரும்பிப் போகும். அங்கே அவருக்கு 'லென்ஸ்' என்று பேர். சம்பளம் நன்றாக வரும். காலையில் கம்பெனி வண்டி வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். இதைவிட நல்ல வேலை வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அது பேராசை.

இப்படிப்பட்டவருடைய வீட்டுக்கு வருஷக்கணக்காகப் பெயிண்ட் அடிக்கவில்லை. ஹால் சுவரில் கைக்குட்டை அளவுக்கு ஏழெட்டு வெள்ளைக் கட்டங்கள் இருக்கும். எல்லாம் அவர் பூசிப் பார்த்து, பிடிக்காமல் விட்டவை. வருகிறவர்கள் ஏதோ நவீன ஓவியம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மரியாதையாக நின்று பார்ப்பார்கள்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. வேலையை விட்டுவிட்டு, கலை வரலாறு படிக்க வேண்டும். வகுப்பெல்லாம் கணினியிலேயே நடக்கும் படிப்பு. எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம்.

"காலையில ஏதாவது ஒரு ஊர்ல பழைய ஓவியம், பழைய சுவர்னு பார்த்துக்கிட்டே திரியணும். சாயந்திரம் ரூமுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தா கிளாஸ். அடுத்த வாரம் வேற ஊர்" என்பார். "நம்ம கம்பெனியில 'கடற்காலை'ன்னு ஒரு நிறம் இருக்கு. நான்தான் பாஸ் பண்றேன். நான் கடலைப் பார்த்ததே ரெண்டு தடவை. ரெண்டும் மத்தியானம்."

அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, "என்ன பண்றது, குடும்பம்னு ஒண்ணு இருக்கே" என்று முடிப்பார். முடிக்கும்போது கண் என் பக்கம் வரும். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் இன்னும் மோசம். "இவ ஒத்துக்கணுமே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். என்னிடம் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு நான் மாட்டேன் என்று சொன்னதாக ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஒரு நாள், சும்மா போட்டுவைத்தேன் என்று அவர் சொன்ன விண்ணப்பத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"கிடைச்சிருச்சு. நீ எப்படியும் வேணாம்னுதான் சொல்லுவ."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "போயிட்டு வாங்க" என்றேன்.

நான் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். பல் பிடுங்க வருகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். டாக்டர் இல்லை என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று ஒரு முகத்தோடு வருவார்கள். "நேரா உள்ள போங்க, டாக்டர் சும்மாதான் இருக்கார்" என்றதும் அந்த முகம் எப்படி ஆகுமோ, அப்படி ஆனது என் வீட்டுக்காரர் முகம்.

"நிஜமாவா? செலவெல்லாம்?"

"என் சம்பளம் இருக்கு. சமாளிக்கலாம்."

"வீட்டை யாரு பார்த்துக்குவா?"

"இப்ப யாரு பார்த்துக்கிறாங்களோ, அவங்கதான்."

அதற்குமேல் என்னிடம் வழியில்லை என்று தெரிந்துகொண்டு மகளைப் போனில் கூப்பிட்டார். அவள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். "சூப்பர்ப்பா! எப்ப கிளம்பறீங்க?" என்றாள். உன்னை வந்து பார்க்க முடியாதேம்மா என்று இவர் இழுத்தார். "ஆமா, இப்ப மட்டும் வாரா வாரம் வந்து நிக்கிறீங்களாக்கும்" என்று அவள் சிரித்தாள்.

குடும்பத்தில் கடைசி நம்பிக்கை அவருடைய அம்மா. பக்கத்து ஊருக்குப் போகிறேன் என்றாலே கண் கலங்குகிற மாமியார். "அம்மா கண்டிப்பா விட மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"போயிட்டு வாப்பா" என்றார் மாமியார். "உங்கப்பாவும் இப்படித்தான் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். கடைசியா போனது ஒரே இடத்துக்குத்தான். அங்கேருந்து யாரும் திரும்பறதில்ல."

இவர் மெதுவாக ஸ்பீக்கரை அணைத்தார்.

மிச்சம் இருந்தது கம்பெனி. இவர் இல்லாமல் அங்கே ஒரு லாரி நகராது என்பதில் எனக்கே சந்தேகமில்லை. நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். 'நீங்க போயிட்டா நாங்க என்ன சார் பண்ணுவோம்' என்று மேனேஜர் கெஞ்சுவார், இவர் பெரிய மனசு பண்ணி இருந்துவிடுவார். கணக்கு அதுதான் என்று எனக்குத் தெரியும்.

மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தாராம். "ரொம்ப நல்ல முடிவு சார். எங்களைப் பத்திக் கவலையே படாதீங்க. நிறம் பார்க்கிற மெஷின் ஒண்ணு வருது, அது பார்த்துக்கும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஹாலில், அந்த வெள்ளைக் கட்டங்களுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மெஷினாம்" என்றார்.

அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை, படிப்பிலும் சேரவில்லை. சேருவதற்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டைப் பேருக்குக் கொறித்தார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. இத்தனை வருஷம் என் தலையில் கட்டிய பழிக்கு இது வேண்டும் என்றுகூடத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் போறதுல யாருக்கும் ஒண்ணுமே இல்ல போலிருக்கு" என்றார்.

சிரிப்பு போய்விட்டது. மனுஷனுக்குப் போகப் பயமில்லை. தான் எழுந்து போன இடம் காலியாகக்கூடத் தெரியாது என்றால், எந்த இடத்தை விட்டுக் கிளம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கிளினிக்கில் பயந்தவர்களிடம் பொய் சொல்வது எனக்குப் பழக்கம். வலிக்கவே வலிக்காது என்று தினமும் சொல்கிறேன். அதில் ஒன்றை வீட்டில் சொன்னால் என்ன என்று தோன்றியது.

"போகாதீங்க" என்றேன்.

"என்ன?"

"போகாதீங்க. நீங்க இல்லாம எனக்கு முடியாது. கேஸ் சிலிண்டரை யாரு மாத்துவா? பாத்ரூம் குழாய் உங்க கைக்குத்தான் மூடும்."

அவ்வளவுதான் யோசித்து வைத்திருந்தேன். வாய் நிற்கவில்லை. "சாயந்திரம் வண்டி வந்து நிக்கிற சத்தம் கேட்காம நான் எப்படிங்க இருப்பேன்? அந்தச் சத்தம் கேட்டாதான் எனக்கு அன்னைக்கு நாள் முடியும்" என்றது. குரல் உடைந்தது. யாருக்கோ எழுதிக் கொடுத்த மருந்தை நானே விழுங்கிவிட்டேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் என் முகத்தைத் தகட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சும்மாதானே சொல்ற?"

"ஆமா. சும்மாதான்."

அப்படியா என்று சிரித்தார். அன்று மத்தியானம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் போய் வேலையை விட்டுவிட்டு வந்தார். கம்பெனி வண்டி டிரைவர் அப்புறம் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். "வீட்ல விடவே மாட்டேங்கிறாங்க, ஒரே அழுகை, மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கிளம்பறேன்னு சொன்னாரும்மா. பாவம் நீங்க." சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இதே சேதி போயிருந்தது. நான் மறுபடி வில்லியானேன்.

போய்விட்டார். முதல் வாரமே ஒரு கடற்கரை ஊரிலிருந்து விடியற்காலையில் போன். "கடற்காலை தப்புடி! நிஜத்துல சாம்பல் ஜாஸ்தி. இத்தனை வருஷமா தப்பான நிறத்தைப் பாஸ் பண்ணியிருக்கேன்!" இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் தன் தப்பைச் சொல்லி நான் கேட்டதில்லை. சாயந்திரம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். லேப்டாப் திரையில் வெளிச்சம் அடிக்கிறதாம், அதனால் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் பாடம் கேட்கிறாராம். ஜன்னல் இல்லாத அறையை விட்டு அவ்வளவு தூரம் போய் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வண்டிச் சத்தம் இல்லாத சாயந்திரங்கள் நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தன. பெயிண்டரைக் கூப்பிட்டேன். எந்த வெள்ளை என்று கேட்டு ஷேடு கார்டை நீட்டினார். முதலில் விரல் பட்டதைக் காட்டினேன். இரண்டே நாளில் ஹால் முடிந்தது. கட்டங்கள் எல்லாம் மறைந்தன. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது. வகுப்பு நடக்கிற நேரம் அது.

"என்ன வெள்ளை அது? மஞ்சள் அடிக்குதா? போட்டோல ஒண்ணும் தெரியல. நிறத்தையெல்லாம் நேர்லதான் பார்க்கணும்."

"அப்ப வந்து பாருங்க" என்றேன்.

"சும்மாதானே சொல்ற?" என்றார்.

இந்தத் தடவை நான் ஆமாம் என்று சொல்லவில்லை.