நிறுத்தினால் பொசுங்கும்

மாடியம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளுடைய தியேட்டருக்கு வந்து போகிறவர்கள்தாம். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எல்லோரும் திரும்பி மேலே பார்ப்பார்கள். புரொஜெக்டர் அறையின் சின்ன ஜன்னலில் ஒரு முகம் தெரியும். "போறப்ப ஃபேனை நிறுத்திட்டுப் போங்கப்பா!" என்று அது கத்தும். அவ்வளவுதான் அவளுடைய வரவேற்பும் வழியனுப்புதலும்.

அவளுடைய மாமனார் கட்டியது பெரிய தியேட்டர். அதன் முதுகோடு ஒட்டி, படத்தை வாங்குமுன் போட்டுப் பார்க்க ஒரு சின்ன அரங்கமும் கட்டியிருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு பெரியது மூத்த மகனுக்கும், சின்னது இளையவருக்கும் என்று ஆயிற்று. இளையவர்தான் மாடியம்மாவின் கணவர். அண்ணன் கூட்டம் சேர்க்கிற படமாகப் போட்டார். தம்பியோ எவரும் தொடாத படமாகத் தேடிப் பிடித்தார். ஒரு கிழவன் மழைக்காகக் காத்திருப்பான், மழை வராது, படம் முடிந்துவிடும். அதைப் பார்க்க இருபது பேர் வருவார்கள். வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்று அந்தக் கிழவனுக்காகச் சண்டை போடுவார்கள். இன்றைக்குப் பெரிய தியேட்டர் டயர் கிடங்கு, சின்னது இன்னும் ஓடுகிறது. மூத்தவரால் ஜீரணிக்க முடியாத விஷயம் அதுதான்.

அறையில் இரண்டு புரொஜெக்டர்கள். ஒன்றில் ரீல் முடிகிற நொடியில் மற்றது தொடங்க வேண்டும். கீழே இருப்பவருக்கு அது தெரியவே கூடாது. ஒருநாள் ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் இரண்டாவது மெஷின் பக்கத்தில் நின்றாள். அப்படி ஏறியவள்தான், பிறகு இறங்கவே இல்லை. சத்தமில்லாமல் ஓடுவதற்கு நல்லபிள்ளை என்றும், மற்றதற்கு முரடன் என்றும் பெயர் வைத்தாள். அந்த நாளில் கார்பன் குச்சிகள் எரிந்துதான் வெளிச்சம் வரும். தேயத் தேய அவற்றை நெருக்கி வைக்க வேண்டும், புகை கண்ணைக் கரிக்கும். பிறகு குச்சி போய் பல்பு வந்தது. அதற்கும் பிறகு டிஜிட்டல் பெட்டி வந்தது. அதன்மேல் அவளுக்குப் பகையொன்றும் இல்லை. "மூணும் நம்ம பிள்ளைங்கதான். கடைக்குட்டிக்குக் கொஞ்சம் ஏசி வேணும், அவ்வளவுதான்" என்பாள்.

கணவர் இறந்து துக்கம் ஆறும் முன்பே மூத்தவர் பத்திரத்தோடு வந்து நின்றார்.

"வாங்க வர்றவங்க ரெண்டு இடத்தையும் மொத்தமா கேக்குறாங்கம்மா. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது மாமா."

"நீ காலேஜ் முடிச்சவ!"

"மறந்துபோச்சு."

மூத்தவர் அதற்குப் பிறகு வாயால் பேசவில்லை. இரண்டு அரங்குக்கும் மின்சார மீட்டர் ஒன்றுதான், அது டயர் கிடங்குக்குள் இருந்தது. ஒரு ஞாயிறு மதியம், படம் தொடங்கும் நேரம் பார்த்து மெயினை அணைத்தார், கிடங்கைப் பூட்டினார், போன் செய்தார். "கையெழுத்துப் போடு, கரண்ட் வரும்."

அன்றைக்கு ஒரு திரைப்பட சங்கத்திடமிருந்து இரவல் வாங்கிய பழைய ரீல் படம். அதற்கு வேறு பிரதியே கிடையாது. நாற்காலி நிறைய ஆட்கள். இன்று இவர்களைத் திருப்பி அனுப்பினால் நாளையும் அனுப்ப வேண்டும், அப்புறம் கையெழுத்துப் போட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மாடியம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே இருட்டியது. ஏற்கெனவே இருட்டாக இருந்ததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

முரடனின் விலாவில் ஒரு துளை உண்டு. பழுது பார்க்க வருகிற மெக்கானிக் அதில் ஒரு கைப்பிடியைச் செருகி, மோட்டார் இல்லாமல் மெஷினைச் சுற்றிப் பார்ப்பார். அந்தக் கைப்பிடி எத்தனையோ காலமாக ஜன்னல் கதவுக்கு முட்டாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, வாராவாரம் வருகிற டாக்சிக்காரரை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"வண்டி பேட்டரியும் ஒரு ஹெட்லைட் பல்பும் கழட்டிக் குடுங்க."

"அப்ப நான் எப்படிக்கா வீட்டுக்குப் போறது?"

"நடந்து. நல்ல படம் பார்த்தா நடக்கத்தான் தோணும்."

பல்பை முரடனுக்குள் கட்டினாள். வேகம் குறைந்தால் ஒரு தகடு தானாக விழுந்து, சூட்டில் பிலிம் பொசுங்காமல் வெளிச்சத்தை மறைக்கும். கையால் சுற்றும் வேகத்துக்கு அது எழும்பாது என்பதால் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டினாள். இனி கை நின்றால் படம் பொசுங்கும். திரைக்குப் பாதி வழியில் வெள்ளை விரிப்பு ஒன்றைக் கட்டச் சொன்னாள். மங்கலாக, சின்னதாக, ஆனால் முகம் தெரியும்படி படம் விழுந்தது. கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது.

சத்தம்தான் இல்லை. படத்தை ஐந்து தடவை பார்த்திருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் எழுந்து கதாநாயகன் வசனத்தைப் பேசத் தொடங்கினார். ஒரு நர்ஸ் கதாநாயகியானாள். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி மாடியம்மாவின் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. ஒரு ரீலை டாக்சிக்காரர் சுற்றினார். அவருக்கு எதிலும் அவசரம். கதாநாயகி காதலனைப் பிரிந்து தடதடவென்று அழுது முடித்தாள்.

"சவாரியா போறீங்க? மெதுவா!" என்று அவரை விரட்டிவிட்டு, அடுத்த ரீலை மாடியம்மாவே பிடித்தாள். அப்போதுதான் மூத்தவர் படியேறி வந்தார். இருட்டில் உட்கார்ந்து சலித்துக் கலைகிற கூட்டத்தைப் பார்க்க வந்தவருக்குக் கைத்தட்டல் கேட்டால் எப்படி இருக்கும்!

"நிறுத்து!" என்று பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தார்.

மாடியம்மா இழுபறி செய்யவில்லை. சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"நிறுத்துங்க மாமா. தகட்டைத் தூக்கிக் கட்டியிருக்கேன். நின்னா பொசுங்கும்."

அவர் கை நிற்கவில்லை. மீசை முளைக்கும் முன்பே அப்பாவிடம் அறை வாங்கி அவர் வேலை கற்ற அறை இது. ரீல் ஓடும்போது நிறுத்தாதே என்பதற்காக வாங்கிய அறைகள். வாய் அவளைத் திட்டியது, கை சீராகச் சுற்றியது. கீழே வங்கிக்காரரின் வசனம் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அன்றைக்குச் சுற்றியவர்களிலேயே மூத்தவர் சுற்றியதுதான் அழகு. மாடியம்மா அதைச் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறும்.

"யாரையாவது கூப்பிடு. நான் விடணும்."

"எல்லாரும் படம் பாக்குறாங்க."

கணவர் இல்லாத அந்த அறையில் மறுபடியும் இரண்டு பேர் வேலை செய்வதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த ரீலை எடுத்துத் தயாராக நின்றாள்.

ரீல் முடிந்தது. பல்பை அணைத்தாள். மூத்தவர் கையை உதறிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். "இப்பவாவது போடு."

"அடுத்த ரீல் மாட்டணும், தள்ளி நில்லுங்க. இன்னும் பாதிப் படம் இருக்கு. தினமும் காட்சி இருக்கு. தினமும் நான் சுத்துவேன், நீங்களும் வந்து சுத்துங்க. கை வலிச்சா கரண்டைப் போடுங்க."

கீழே "அடுத்தது! அடுத்தது!" என்று தரையை உதைத்தார்கள். மூத்தவர் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தார். இறங்கிப் போனார். அவள் ரீலை மாட்டி முடிப்பதற்குள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

அந்தக் கைப்பிடியை அவள் மறுபடி ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கவில்லை. படியேறி வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வாசலிலேயே ஆணியடித்து மாட்டினாள். பத்திரத்தோடு இதுவரை யாரும் ஏறி வரவில்லை.