ஒன்பது முறை செத்த கோதண்டபாணி

பட்டினப்பாக்கம் தேவானைக்குப் புருஷன் பெயரைச் சொல்லும் பழக்கம் கிடையாது. வீட்டில் 'இந்தாய்யா'. வெளியில் 'எங்க வூட்டாரு'. ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் கேட்டால் ஆதார் அட்டையை நீட்டி, விரலால் தொட்டுக் காட்டிவிட்டுச் சும்மா நிற்பாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா என்று கேட்காதீர்கள். இருக்கிறாள், வயது நாற்பத்தாறு, கையில் நல்ல போன், அதில் புருஷன் நம்பர் 'ஆட்டோ' என்று பதிந்திருக்கிறது.

அந்தப் பெயர் அவள் வாயில் வரவேண்டுமென்றால் அவன் சாக வேண்டும். அடிக்கடி செத்தான் மனுஷன்.

விஷயம் இதுதான். காலையில் மீன் கடை போடுகிற தேவானைக்கு மதியத்துக்கு மேல் இன்னொரு தொழில் உண்டு. இந்தியிலிருந்து தமிழுக்கு வருகிற சீரியல்களுக்கு 'கிரவுடு' கொடுப்பது. கதாநாயகிக்கும் மாமியாருக்கும் பேசுவதற்கு ஆளுக்கொரு குரல் கலைஞர் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் சந்தை இரைகிறதே, கல்யாண வீடு கலகலக்கிறதே, சாவு வீட்டில் நாலு பேர் அழுகிறார்களே, அதெல்லாம் கிரவுடு. பன்னிரண்டு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்றுகொண்டு ஊராக மாறுவார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் தி.நகர் ஸ்டூடியோ ஒன்றில் மீன் சந்தைக் காட்சிக்கு யார் கத்தினாலும் நாடகம் மாதிரியே இருக்கிறதென்று, மீன் வாங்க வந்த அந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் இவளைக் கையோடு கூட்டிப்போனார். தேவானை ஒரு சத்தம் போட்டாள். மற்ற பதினொரு பேரும் மைக்கை விட்டு இரண்டடி பின்னால் போனார்கள்.

சந்தைக்குக் கத்துவது சுலபம். அழுவதுதான் வரவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தன் புருஷன் போய்விட்டதாக நினைத்துக்கொள்வாள். அவ்வளவுதான், ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற சவுண்ட் இன்ஜினியர் கிரீஷுக்கே மூக்கை உறிஞ்ச வேண்டியிருக்கும். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக ஆட்டோவோடு வந்து நிற்கும் கோதண்டபாணிக்கு இதில் ஒரே சந்தோஷம்.

"இன்னிக்கு எத்தினி தபா என்னை சாவடிச்ச?" என்பான்.

"ரெண்டு தபா. மூணாவது டேக்கு வேணான்ட்டாங்க."

கிரவுடில் ஒரு சட்டம் உண்டு. பெயர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, தனியாகக் காதில் விழுகிற மாதிரி எதுவும் சொல்லக் கூடாது. எட்டு வருஷத்தில் தேவானை ஒரே ஒரு முறைதான் தவறினாள். போன கார்த்திகையில், ஆட்டோவை ஆர்டிஓ ஆபீசில் நிறுத்தி, ஓட்டத் தகுதிதான் என்று எஃப்சி காட்டும் தேதி தாண்டிவிட்டதென்று காலையில் வீட்டில் பெரிய சண்டை. அந்தக் கோபத்தோடேயே மத்தியானம் மைக் முன்னால் நின்று அழுதவள், "கோதண்டபாணி, எஃப்சி காட்டாம போய்ட்டியே, நான் இன்னா பண்ணுவேன்" என்று விட்டுவிட்டாள். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை விழுங்க, அதுவும் விம்மல் மாதிரியே பதிவானது.

"அக்கா, பேர் வந்துருச்சு. ஆனா இந்த மாதிரி அழுகை இனிமே கிடைக்காது. அந்த எடத்துல சவுண்டைக் கம்மி பண்ணிடறேன், யாருக்கும் கேக்காது" என்றான் கிரீஷ்.

இப்போது தேவானையின் ஆசையைச் சொல்லவேண்டும். குரல் கலைஞர்கள் சங்கத்தில் அவளிடம் இருந்தது தற்காலிக கார்டு. மூன்று வருஷத்துக்குள் நூறு கால்ஷீட், அதாவது நூறு வேளை ஸ்டூடியோ வேலை, முடித்தால் நிரந்தர கார்டு. முடிக்காவிட்டால் மறுபடி சைபரிலிருந்து. நிரந்தர கார்டு இருந்தால் பெயர் வரிசைப்படி கூப்பிட்டே ஆகவேண்டும், ஸ்டூடியோக்காரர் முகம் பார்த்துக் கூப்பிட முடியாது. கூட்டத்தில் கை தூக்கி ஓட்டுப் போடலாம். தை பிறந்தபோது அவள் கணக்கு தொண்ணூற்று நாலு. கெடு மார்ச் கடைசி. ஆறுதானே, கண்ணை மூடித் திறந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

கண்ணை மூடித் திறந்தாள். பொங்கல் போயிற்று, மாசி வந்தது, ஒரு கால்ஷீட் இல்லை. அவளுக்கு மட்டுமல்ல, பன்னிரண்டு பேருக்கும் இல்லை. கேட்டால், "கிரவுடு சீன் இல்லக்கா" என்று ஸ்டூடியோ மேனேஜர் செந்தில்குமார் குழைந்து குழைந்து சொன்னான்.

ஒருநாள் சாயங்காலம் திருவான்மியூரிலிருந்து நாத்தனார் சுப்பம்மா போன் போட்டாள். "அண்ணி, டிவியப் போடு. அண்ணன் செத்துட்டாரு."

கோதண்டபாணி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். டிவியில் ஏதோ ராஜஸ்தான் அரண்மனை. மகாராணி காலமாகிவிட்டாள். தலைப்பாகை கட்டிய ஊர் முழுக்கக் கூடி நிற்க, பின்னணியில் தெள்ளத் தெளிவாக ஒருத்தி கோதண்டபாணி எஃப்சி காட்டாமல் போனதற்குக் கதறிக்கொண்டிருந்தாள்.

"பார்றா, அரண்மனைல சாவு எடுக்குறாங்கோ எனக்கு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான் கோதண்டபாணி.

தேவானையும் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. "இந்த சீரியலுக்கு நான் போகவே இல்லியே" என்றாள்.

மறுநாள் தி.நகரில் பாத்திரக் கடைக்கு மாடியில் இருக்கும் சங்க ஆபீசுக்குப் போனாள். செயலாளர் வைதேகி அம்மாள் மயிலாப்பூர்க்காரர், அறுபது வயது, அந்த ராஜஸ்தான் சீரியலில் வரும் மாமியாருக்கே குரல் கொடுப்பவர். நேரில் அதட்டவே தெரியாது, மைக்கில் மட்டும் மருமகள்களை நடுங்க வைப்பார். தேவானை சொன்னதைக் கேட்டு, போனில் அந்தக் காட்சியை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு செந்தில்குமாரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், அது மும்பைல வாங்கின லைப்ரரி சவுண்ட்" என்றான் அவன்.

"அப்படியா? மும்பையில எந்தக் கோதண்டபாணிக்கு எஃப்சி காட்டணும்னு கேட்டுண்டு சொல்லுங்கோ."

 ஊரில் கோதண்டபாணிக்கா பஞ்சம், அது இந்த அம்மா குரல்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

பன்னிரண்டு பேரும் அந்த ஸ்டூடியோவில் வேலை நடந்த சீரியல்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு வாரத்தில் ஒன்பது சாவு கிடைத்தது. மகாராணி, வைர வியாபாரி, ஐந்து வில்லன்கள், ஒரு சாமியார், அப்புறம் ஒரு கோயில் யானை. யானைக்கும் எஃப்சி காட்டவில்லை என்றுதான் அழுகை. ஆக, கார்த்திகையில் ஒரு நாள் அழுததை, கிரீஷ் சவுண்டைக் கம்மி பண்ணுவதற்கு முந்தைய பதிவாகவே எடுத்து வைத்துக்கொண்டு, ஊரில் உள்ள சாவையெல்லாம் ஒப்பேற்றியிருக்கிறார்கள். "இது என் குரல்" என்று தேவானை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மிச்சத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்றார் வைதேகி அம்மாள்.

கையெழுத்துப் போடவேண்டிய நாளுக்கு முதல் நாள் காலை, தேவானை வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது செந்தில்குமார் கூப்பிட்டான்.

"அக்கா, உங்களுக்கு ஆறு கால்ஷீட்தானே பாக்கி? நாளைக்கே வாங்க, தனியா. ஆறையும் இந்த மாசமே முடிச்சுக் குடுத்துடறேன். சங்கத்துல மட்டும் அது என் குரல் மாதிரி இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மூன்று வருஷ உழைப்பு. மழையில் நனைந்துகொண்டு ஓடியது, மீன் நாற்றம் போகக் குளித்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனது, எல்லாம் அந்த ஒரு அட்டைக்காக. அன்றைக்கு யார் என்ன கேட்டாலும் வேறு மீனை எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே புருஷனிடம் சொன்னாள்.

"உனுக்கு அந்தக் கார்டு மேல எவ்ளோ ஆசைன்னு எனக்குத் தெரியும். நீ இன்னா செஞ்சாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றான் கோதண்டபாணி. அப்புறம், "ஒம்போது தபா செத்துக்கீறேன். வேற எவளோ அழுதான்னு நீ சொல்லிட்டா கொஞ்சம் பேஜாராத்தான் இருக்கும்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் மனசு தெளிந்தது. அந்த ஒலிப்பதிவில் தன் பக்கத்தில் நின்று அழுதவள் ஜஹீதா என்று நினைத்துப் பார்த்தாள். ராயப்பேட்டை ஜஹீதா ஒரு காலத்தில் போர்க்களக் காட்சிக்கு ஏழு மணி நேரம் கத்திவிட்டு, ஒரு மாதம் பேச முடியாமல் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தவள். அப்போது சங்கம் சண்டை போட்டுத்தான் கத்துகிற வேலை நாலு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று எழுதி வாங்கியது. அந்த நாலு மணி நேரம் தேவானையின் தொண்டையையும் இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஜஹீதாவுக்கும் இரண்டு மாதமாக வேலை இல்லை.

கை கழுவிவிட்டு செந்தில்குமாரைக் கூப்பிட்டாள். "தம்பி, அது என் கொரல்தான். பக்கத்துல ஜஹீதா கொரலும் கீது, இன்னும் பத்து பேர் கொரலும் கீது. பன்னெண்டு பேரையும் கூப்புடு, வர்றோம். தனியா வர முடியாது." பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள். 

அவள் கையெழுத்துப் போட்ட மறுநாள் ஸ்டூடியோவில் என்ன நடந்தது தெரியுமா? காலை பத்து மணி. ராத்திரி ஒளிபரப்பாகவேண்டிய காட்சி. திரையில் மாமியார் வாயைத் திறந்து மருமகளைக் கிழிக்கிறாள். வைதேகி அம்மாள் மைக் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மேடம், டயலாக்" என்றான் கிரீஷ்.

"தெரியறதுப்பா. கிரவுடுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்கோ, பேசறேன்."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். மருமகளுக்குப் பேசுகிற பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். கதாநாயகன், வில்லன், வீட்டு வேலைக்காரன் என்று எல்லாக் குரலும் படிக்கு வந்துவிட்டது. யாரோ ஒரு பொட்டலம் மெதுவடை வாங்கிவந்தார்கள். பெரிய குரல்காரர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, அவர்கள் வேலை அவர்களுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. அப்படியும் வந்து உட்கார்ந்தார்கள். மற்ற கிரவுடுக்காரர்களோடு வாசலில் நின்றிருந்த தேவானை, அவர்கள் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே வடை எடுத்துக் கொடுத்தாள்.

கோஷம் போட வேண்டாம், மரியாதையாக இருப்போம் என்று வைதேகி அம்மாள் சொல்லியிருந்தார். ஆனால் பன்னிரண்டு கிரவுடுக்காரர்கள் ஒரு இடத்தில் எத்தனை நேரம்தான் சும்மா இருப்பார்கள்? ஜஹீதா மெல்ல, "பூவு, மல்லிப்பூவு" என்றாள். தேவானை, "வா நைனா, வவ்வாலு, வஞ்சிரம், துள்ளிக்கினு கீது" என்று எடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் அந்தச் சந்தில் ஒரு முழுச் சந்தை. அது முடிந்து கல்யாணம். பிறகு பஸ் ஸ்டாண்டு. பாண்டி பஜாருக்குத் துணி எடுக்கப் போனவர்களெல்லாம் பையோடு நின்று வேடிக்கை பார்த்துக் கைதட்டினார்கள். உள்ளே கண்ணாடி அறையில் கிரீஷும் தட்டியது தெரிந்தது. ஆட்டோவில் சாய்ந்து நின்ற கோதண்டபாணி, கேட்டவர்களுக்கெல்லாம் செத்தது தான்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டான்.

ஒரு மணிக்குச் சேனலிலிருந்து போன் வந்தது. எபிசோடு எங்கே என்று கேட்டார்கள். ஒன்றேகாலுக்கு செந்தில்குமார் பேப்பரோடு படிக்கு வந்து, வேறு இடமில்லாமல் தானும் படியிலேயே உட்கார்ந்தான். பழைய பதிவை எத்தனை முறை போடுகிறார்களோ, அத்தனை முறையும் அதில் குரல் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கால்ஷீட், சம்பளத்தோடு. ஏற்கெனவே போட்ட ஒன்பதும் சேர்த்தி. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வடை தின்றான். வைதேகி அம்மாள் உள்ளே போய் ஒரே டேக்கில் மருமகளை அழவைத்துவிட்டு வந்தார்.

தொண்ணூற்று நாலும் ஒன்பதும் எவ்வளவு என்று தேவானை ஆட்டோவில் போகும்போது நாலு முறை கேட்டாள். நாலு முறையும் கோதண்டபாணி சலிக்காமல் நூற்று மூன்று என்றான்.

மார்ச் கடைசி ஞாயிறு காலை சங்கத்தின் பொதுக்கூட்டம். அங்கே தற்காலிக உறுப்பினர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், ஓட்டெடுப்பில் கை தூக்கக் கூடாது. தேவானை புது அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாவது வரிசையில், ஜஹீதா பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் தீர்மானம்: இனி யார் குரலையும் அவர்களைக் கேட்காமல் சேமித்து வைக்கக் கூடாது, மெஷினுக்குக் கொடுத்து அதே மாதிரி பேசவைக்கவும் கூடாது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள்.

வைதேகி அம்மாள் மேடையிலிருந்து ஒவ்வொரு கையாக விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். தேவானை எட்டு வருஷமாக அந்தத் தொழிலில் சந்தையாக இருந்திருக்கிறாள், ஊராக இருந்திருக்கிறாள், பட்டாளமாகக்கூட இருந்திருக்கிறாள். ஒருத்தியாக இருந்ததில்லை. விரல் அவளிடம் வந்து ஒரு கணம் நின்று, "நாப்பத்தேழு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனது.

எண்ணி முடித்தாயிற்று, தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்தாயிற்று. எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள்.

"உன்னை எண்ணிட்டாங்க தேவானை, கைய எறக்கு" என்று ஜஹீதா புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"இருக்கட்டும் ஜஹீதா," என்றாள் தேவானை, கையை இறக்காமலே. "இன்னொரு தபா எண்ணுனா எண்ணிக்கட்டும்."