ஆற்றுக்கு அடியில் போகாத அத்தான்

மாத்தே தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்தபடியே நிக்கானோர் அத்தான் 1820-க்குப் போய்விட்டார். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், வரிசையில் ஐந்து பேர். அவர் குடித்து முடித்தால்தான் அடுத்தவர் வாய்க்குச் சூடாக ஒரு மடக்கு கிடைக்கும். அவரோ குடுவையை ஆட்டி ஆட்டி, "ஒரு வருஷம் தனி நாடா இருந்தோம்டா! யாருக்கும் கைகட்டி நிக்காத குடியரசு!" என்கிறார்.

"அது மைக் இல்ல அத்தான். குடிச்சுட்டுக் குடுங்க" என்றேன். இதைத் தினமும் யாராவது சொல்லித்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது.

என் அக்கா எல்வீராவின் கணவர் இவர். பரானா ஆற்றங்கரையில் மீன் பிடித்து விற்கிறார். கெளுத்தி வாங்க வந்தவர்களுக்கு மீன் கிடைக்கும் முன் பூகோளம் கிடைக்கும். ஈரப் பலகையில் கத்தி முனையால் எங்கள் என்த்ரே ரியோஸ் மாகாணத்தை வரைவார். இந்தப் பக்கக் கோடு பரானா, அந்தப் பக்கக் கோடு உருகுவாய் ஆறு, தலைமாட்டில் ஓடைகள், கால்மாட்டில் சதுப்பு. "சுத்திலும் தண்ணி. இது மாகாணமாம்மா? தீவு!" மீனில் ஈ மொய்க்கும். "தீவு இருக்கட்டும்யா, எனக்கு ரெண்டு துண்டு போடு, அடுப்புல எண்ணெ காயுது" என்று ஒரு கிழவி கத்தினால்தான் கத்தி மீன்மேல் இறங்கும்.

சுரங்கப்பாதைக் கதை இன்னும் மோசம். எதிர்க்கரை சாந்தா ஃபேவுக்கு ஆற்றின் அடியிலேயே சாலை போகிறது. "பாலம் கட்டணும்னா, ஆறு என்னுதுங்கிறான் தலைநகரத்துக்காரன். சரிடா, தண்ணி உன்னுது, அடியில இருக்கிற சேறு எங்களுதுன்னு கீழயே போயிட்டோம்ல!" இவரே மண்வெட்டி பிடித்த மாதிரி மார்தட்டுவார். அது திறந்தபோது இவருக்கு ஆறு வயது.

வேடிக்கை என்னவென்றால், இன்றுவரை அதற்குள் ஒருமுறைகூட அவர் போனதில்லை. எதிர்க்கரைக்கு எப்போதும் தன் படகுதான். கேட்டால், "ஆத்த மேல தாண்டுறதுதான் ஆத்துக்கு மரியாத" என்பார். பயம் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

போன செவ்வாய்க்கிழமை அந்த மரியாதை சந்திக்கு வந்தது. அவர் மகள் தெல்ஃபினாவுக்கு எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். அக்கா முன்பே போய்விட்டாள். ஆற்றிலோ வெள்ளம். ஆகாயத்தாமரைத் திட்டுகள் பாம்பும் பல்லியுமாக மிதந்து வர, சின்னப் படகு எதையும் அவிழ்க்கக் கூடாது என்று காவலர்கள் சொல்லிவிட்டார்கள். நான் என் டாக்சியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன்.

"நாளைக்குத் தண்ணி வடியும், ஸுல்மா. படகுலயே போயிக்கலாம்."

"புள்ள உங்க ஆறு வடியுற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

"தொண்ணூத்தெட்டு வெள்ளத்துலகூட மூணாம் நாளே…"

"வெள்ளத்தப் பத்தி ஒரு வார்த்த பேசினீங்க, அந்த வெந்நீர்க் கெண்டிய உங்க தலையில கவுத்துடுவேன்!"

அப்போது அக்கா போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டேன். "உள்ள கொண்டுபோயிட்டாங்க. கத்தி வைக்கணுமாம். அப்பா வரலையா, அப்பா வரலையான்னுதான் கேட்டுக்கிட்டே போனா. அந்த மனுசன் எங்கடி?"

அத்தான் கையில் அப்போதுதான் ஊற்றிய மாத்தே. வாய் வைக்காமலேயே என்னிடம் நீட்டி, "நன்றி" என்றார். இனி வேண்டாம் என்று அர்த்தம். முதல் குடுவையிலேயே அவர் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. மீன் செதில் ஒட்டிய சட்டையோடு வந்து வண்டியில் உட்கார்ந்தார்.

சுரங்கத்தின் வாய்வரை நாக்கு சும்மா இருக்கவில்லை. சுரங்கத்துக்கு எத்தனை குழாய், அதை ஆற்றுக்குள் எப்படி இறக்கினார்கள் என்று உளறிக்கொண்டே வந்தார். விளக்குகள் தொடங்கியதும் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் வண்டிக் கூரையில் அழுத்தி, பரானா ஆற்றையே தாங்கிக்கொண்டிருந்தார். எரிச்சல் எல்லாம் எங்கே போனதோ, வண்டியைக் குலுங்காமல் ஓட்டினேன்.

எதிர்க்கரை வெயிலுக்கு வந்ததும் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

"தாண்டிட்டோமா, ஸுல்மா?"

"தாண்டிட்டோம் அத்தான். எடுங்க."

ஒரு கையை மட்டும் இறக்கிப் போனைக் காதில் வைத்தார். அக்கா பேசுவதற்கு முன்பே ஒரு குழந்தை வீறிட்டு அழுவது எனக்கே கேட்டது. தெல்ஃபினாவும் நன்றாக இருக்கிறாளாம். ஆஸ்பத்திரி வாசல்வரை மற்றக் கை கூரையைத் தாங்கியபடியே வந்தது.