மச்சான் கொடுத்த பனம்பழ மாத்திரை

பேருந்து ஓட்டுநருக்கு அடிக்கடி சிறுநீர் முட்டும். நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. மனைவியின் அண்ணன் இதற்கென்று தன் மூலிகைக் கடையிலிருந்து, குட்டைப்பனை என்ற வெளிநாட்டுப் பனையின் பழ மாத்திரை கொடுத்தார். பலன் தெரியாவிட்டாலும், நிறுத்தினால் வீட்டில் சண்டை வருமே என்று விழுங்கிவந்தார்.

பல் பிடுங்கிய அன்று ரத்தம் நிற்கவில்லை.

"இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறீங்க, சரி. வேற எதாவது?" என்றார் பல் மருத்துவர்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்று துணைக்கு வந்த மச்சான் முந்திக்கொண்டார்.

ஓட்டுநர் வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். "இவர் குடுத்த பனம்பழ மாத்திரை."

"ரெண்டும் சேர்ந்தா ரத்தப்போக்கு கூடலாம். அந்தப் பனம்பழ மாத்திரையை நிறுத்துங்க. சிறுநீர்த் தொல்லைக்கு டாக்டரைப் பாருங்க."

தையல் போட்டதும் ரத்தம் நின்றது. மச்சான் அதற்குள் தங்கைக்குப் போன் செய்துவிட்டார்.

"எங்கண்ணன் மானத்தை வாங்கிட்டீங்களே!" என்று மனைவி வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். வீங்கிய கன்னத்தோடு அவரால் பதில் பேசவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.